2எக்ஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் 2எக்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன் என்று கேட்டால்தான் முழிக்கிறேன். நுண்கணிதத்தை எங்கிருந்து பிடிப்பது?
- ப்ளஸ் ஒன் மாணவி, திருச்சி

பதில்: சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு கால்குலேட்டரை எடுங்கள். 3-இன் வர்க்கம் 9, 3.1-இன் வர்க்கம் 9.61. அதாவது எக்ஸ் 0.1 கூடியதற்கு வர்க்கம் 0.61 கூடியிருக்கிறது, வகுத்தால் 6.1. சரி, இப்போது 3.01 போடுங்கள்; 9.0601 வரும், விகிதம் 6.01. அடுத்து 3.001-க்கு 6.001. எங்கே போகிறது என்று தெரிகிறதா? அந்த 6தான் 3-இல் வகைக்கெழு, அதாவது எக்ஸ் 3-ஆக இருக்கும்போது வர்க்கம் மாறும் வீதம். வகையிடுவது என்றால் இதைக் கண்டுபிடிப்பதுதான். உங்கள் 2எக்ஸில் எக்ஸுக்கு 3 போட்டாலும் அதேதான். எக்ஸில் கூட்டியதை நேரடியாகப் பூஜ்யம் என்று வைத்தால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வந்து மாட்டிக்கொள்வோம் என்பதால்தான் 'எல்லை' பாடத்தை (கூட்டியதைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனால் விகிதம் எதை நெருங்குகிறது என்று பார்ப்பது) முதலில் வைக்கிறார்கள், நாம் (நானும்தான்) போரடிக்கிறது என்று அதைத்தான் முதலில் தாண்டுகிறோம்.

பைக்கில் வேகம் காட்டும் முள்ளும் இதேதான், தூரத்தின் வகைக்கெழு. வேகத்தைத் துளித்துளி நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் தூரம் திரும்பக் கிடைக்கும், அது தொகையிடல்.

அப்புறம் ஒன்று. சைன் 3எக்ஸை வகையிட்டு வெறும் காஸ் 3எக்ஸ் என்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளே இருக்கும் 3 வெளியே வந்து பெருக்க வேண்டும், சங்கிலி விதி. பரீட்சையில் மார்க் பறிபோகும் இடம் பெரும்பாலும் இதுதான்.