எக்ஸ்-டி3-க்கு 4.00 ஃபர்ம்வேர்: கேள்வி பதில்

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3 கேமரா வந்தது 2018-இல். 2020 அக்டோபரில் வெளியான 4.00 ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்), பின்னால் வந்த எக்ஸ்-டி4-இன் ஆட்டோஃபோகஸ் திறனை இந்தப் பழைய கேமராவுக்கும் கொடுத்தது. காசு வாங்காமல் செய்த பெரிய உபகாரம் அது. ஆனாலும் ஏற்றும்போது சிலர் திணறுகிறார்கள், ஏற்றிய பிறகு சிலர் குழம்புகிறார்கள்.

சார், ஃபைலை கார்டில் போட்டுட்டேன். கேமரா கண்டுக்கவே மாட்டேங்குது. ஏன்?

முதலில் ஃபைல் பெயரைப் பாருங்கள். எஃப்டபிள்யூயூபி என்ற எழுத்துகள், நான்கு இலக்கம், கடைசியில் .டிஏடி. இவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டு முறை டவுன்லோடு செய்திருந்தால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1) என்று ஒட்டிவிடும். அந்த ஒரு ஒட்டு போதும், கேமராவுக்கு ஃபைல் தெரியாது. பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியே வைத்து, முதல் ஸ்லாட்டில் செருகுங்கள். டிஸ்ப்/பேக் பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போடுங்கள். அப்டேட் கேமரா உடலுக்கா லென்ஸுக்கா என்று திரை கேட்கும். உடலைத் தேர்ந்தெடுத்தால் இப்போதைய எண்ணும் புதிய எண்ணும் தெரியும். இரண்டையும் வாசித்துவிட்டு ஓகே கொடுங்கள்.

பாதியில் பேட்டரி தீர்ந்தால்?

கேமரா உயிர் பெறாமல் போகலாம். உள்ளே இருக்கும் மெமரியில் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அது. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றால் கேமராவைத் தொடங்கிவைக்கும் நிரலே முழுதாக இருக்காது. பிறகு சர்வீஸ் சென்டர்தான். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரி போடுங்கள். முடிந்தது என்று திரை சொல்லும்வரை எந்தப் பட்டனையும் தொடாதீர்கள்.

4.00 போட்டும் ஓடுற பையனை விட்டுட்டு ஃபோகஸ் பின்னாடி இருக்கிற வேலிக்குப் போகுது. என்ன முன்னேற்றம் இது?

ஃபர்ம்வேர் வேகத்தைத் தரும். எதைப் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மெனுவில் ஏஎஃப்-சி (நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) கஸ்டம் செட்டிங்ஸ் இருக்கிறது. பலர் அதை முதல் செட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். குறுக்கே ஆள், கம்பம், வேலி வரும் இடத்தில் இரண்டாவது செட் சரி: அதில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி 3, ஃபோகஸ் பகுதியில் எதற்கு முன்னுரிமை என்ற ஜோன் அமைப்பு நடுவில். இந்த எண் கூடக் கூட, பொருள் மறைந்தாலும் கேமரா பொறுத்திருந்து பிறகே வேறொன்றுக்கு மாறும். பெயரைப் பார்த்து எண்ணைக் கூட்டினால் துடிப்பு கூடும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு, நடப்பது நேர்மாறு. திடீரென்று ஃபிரேமுக்குள் நுழைவதைப் பிடிக்க நான்காவது செட், அதில் இது 0.

ஆறாவது செட் உங்கள் கையில். டிராக்கிங் சென்சிட்டிவிட்டி 3, பொருளின் வேக மாற்றத்துக்கான சென்சிட்டிவிட்டி 1, ஜோன் நடு என்று தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று, முகம் கண்டறிதல். அது ஆனில் இருந்தால் ஓரத்தில் நிற்பவர் முகத்துக்கும் தாவும். விருப்பப்படி வேலை ஒதுக்கக்கூடிய ஒரு எஃப்என் பட்டனில் வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப அணைப்பது நல்லது.

அப்டேட்டுக்கு அப்புறம் பேட்டரி சீக்கிரம் இறங்குது அண்ணா.

ப்ரீ-ஏஎஃப் ஆனில் இருக்கிறதா, பவர் மேனேஜ்மென்ட்டில் பேட்டரியைக் கூடுதலாகச் செலவழிக்கும் பூஸ்ட் மோடு இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீ-ஏஎஃப் இருந்தால் நீங்கள் பட்டனைத் தொடாதபோதும் லென்ஸ் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்-டி3-க்குச் சொல்லப்பட்ட ஒரு சார்ஜுக்குச் சுமார் 390 படம் என்பது சாதாரண மோடுக்கான கணக்கு.

எக்ஸ்-டி4-இல் இருக்கிற அதே சென்சார், அதே பிராசஸர். கிளாசிக் நெகட்டிவ் என்ற ஃபிலிம் நிறம் மட்டும் எக்ஸ்-டி3-இல் ஏன் இல்லை?

ஆதங்கம் நியாயமானது. இரண்டிலும் ஒரே 26.1 மெகாபிக்சல் சென்சார்தான். ஆனாலும் நிறுவனம் தரவில்லை. எக்ஸ் ரா ஸ்டுடியோ வழியாகவும் நடக்காது. அந்தக் கம்ப்யூட்டர் மென்பொருள் ராவை (கேமரா பதிவு செய்த பதப்படுத்தாத ஃபைலை) படமாக மாற்றுவது யூஎஸ்பியில் கோத்திருக்கும் கேமராவின் பிராசஸரைக் கொண்டு. எக்ஸ்-டி3-இல் இல்லாத நிறம் அங்கே வராது.

பிடிக்கலைன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

முடியாது.

நாளைக்குக் கல்யாண ஷூட். இன்னிக்கு ராத்திரி போட்டுடவா?

வேண்டாம். நாளை பழையதிலேயே எடுங்கள். ஏற்றுவதற்கு முன் உங்கள் செட்டிங்குகளை எக்ஸ் அக்வயர் என்ற மென்பொருள் மூலம் கம்ப்யூட்டரில் சேமித்து, சி1 முதல் சி7 வரை நீங்கள் சேமித்து வைத்திருக்கும் கஸ்டம் செட்டிங்குகளை ஃபோனில் படமும் எடுத்து வையுங்கள். ஏற்றிய பின் ஒவ்வொரு லென்ஸையும், ஃபிளாஷ் டிரிக்கரையும், இரண்டு ஸ்லாட்டிலும் எழுதுகிறதா என்பதையும் சோதியுங்கள். வேறு நிறுவன லென்ஸோ அடாப்டரோ இருந்தால் முதலில் அதை மாட்டிப் பாருங்கள்.