வெட்டுப்பட்ட நரம்பு வளர ஒத்தடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. காசிமேட்டில் மீன் வெட்டும் வேலை. நான்கு மாதத்துக்கு முன் கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, ஆழமாக வெட்டுப்பட்டு நரம்பு அறுந்துவிட்டது. அன்றே ஆபரேஷன் செய்து தைத்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. லேசான சூடு கொடுத்தால் நரம்பு செல் வளரும் என்று ஜப்பானில் கண்டுபிடித்திருப்பதாக மொபைலில் ஒரு வீடியோ வந்தது. மாமியார் ராத்திரியில் மணல் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். மைத்துனர் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு சூட்டுப் பட்டை வாங்கலாம் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, காசிமேடு

பதில்: இரண்டுமே வேண்டாம். மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வசதியாகக் காரணத்தையும் எழுதுகிறேன்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யில்லை. ஜப்பானின் டொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 39.5 டிகிரி செல்சியஸ் சூட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, நரம்பு வளர்ச்சிப் புரதம் எதுவும் சேர்க்காமலே செல்களிலிருந்து இழைகள் நீண்டன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து வரும் செல்கள். தட்டில் கிடக்கும் அந்தச் செல்லுக்கு நேராகச் சூடு போகிறது, அதுவும் அளந்து. உங்கள் கணவரின் நரம்போ தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே இருக்கிறது. மேலே நாம் வைக்கும் சூட்டை ரத்த ஓட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளே 39.5 வரவேண்டுமென்றால் மேலே அதைவிடச் சூடாக, நெடுநேரம் வைக்க வேண்டும். ஆபத்தே அங்குதான்.

தோல் 44 டிகிரியில் ஆறு மணி நேரம் இருந்தாலே புண்ணாகிவிடும். 60 டிகிரி என்றால் ஏறக்குறைய ஐந்து நொடி போதும். வாணலியில் வறுத்த மணலுக்கு எந்த அளவு என்று யார் சொல்வது? உணர்ச்சி உள்ள கையென்றால் ‘சுடுது’ என்று இழுத்துக்கொள்வோம். மரத்த விரல் இழுத்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட கை, கால்களில் ஒத்தடத்தால் வந்த கொப்புளங்களை நான் நிறையவே பார்க்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில்தான் அதிகம். உணர்ச்சியற்ற இடத்தில் வரும் புண் லேசில் ஆறுவதும் இல்லை.

சரி, நான்கு மாதமாகியும் ஏன் உணர்ச்சி வரவில்லை? அறுந்த நரம்பைத் தைத்தவுடன் அது ஒட்டிக்கொண்டு வேலை செய்வதில்லை. வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் முதலில் அழிந்துபோகும். பிறகு மேலிருந்து புது இழைகள், பழைய உறைகளுக்குள் நுழைந்து வளர்ந்து வரவேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அதுவும் தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறையாது. கணக்குப் போட்டால் ஆறு மாதம். ஆகவே நுனி இன்னும் மரத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. வளர்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நரம்பு போகும் பாதையில் விரலால் மெல்லத் தட்டினால், இழைகள் வந்து சேர்ந்த இடத்தில் ஷாக் அடித்தாற்போல் சுண்டுவிரலுக்கு ஓடும். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கி வந்தால் நல்ல சேதி. டாக்டரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சூட்டை வேண்டாம் என்றேன். குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நரம்பு அறுந்த கைக்குக் குளிர் ஆகவே ஆகாது. வலிக்கும், விறைக்கும். இது வருடக்கணக்கில்கூட நீடிக்கலாம். உங்கள் கணவருக்கோ நாள் முழுக்க ஐஸ் பெட்டியோடு வேலை. மார்கழிக் கடற்காற்று வேறு. ரப்பர் உறைக்கு உள்ளே ஒரு துணி உறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இதமாக இருக்கும்படி போர்த்தி வைப்பது வேறு, சுட வைப்பது வேறு. முடிந்தால் கொஞ்ச காலம் கத்தி வேலையை விட்டு ஏலம், கணக்கு என்று மாறிக்கொள்ளட்டும். அந்த விரலில் கெளுத்தி முள் குத்தினால்கூடத் தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். தினமும் ராத்திரி வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்துக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அந்த விரல்களில் வியர்வை சுரக்காததால் தோல் காய்ந்து வெடிக்கும்.

பட்டைக்கு வைத்திருக்கும் பணத்தை பிசியோதெரபிக்குப் போய்வரும் ஆட்டோவுக்குச் செலவழியுங்கள். விரல்கள் கொக்கி போல மடங்காமல் இருக்க ஸ்பிளிண்ட்டும் மூட்டு விறைக்காமல் பயிற்சியும் அவசியம். உணர்ச்சி திரும்பத் தொடங்கியதும் அரிசி, துணி, நாணயம் இவற்றைக் கண்ணை மூடித் தொட்டு அடையாளம் காணும் பயிற்சி தருவார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தட்டும்.

தட்டும்போது ஷாக் அடிக்கும் இடம் இரண்டு மூன்று மாதமாக நகரவே இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. பழைய ஆபரேஷன் சீட்டோடு போங்கள். ஒன்றரை வருடம் கடந்துவிட்டால் கைக்குள் இருக்கும் சிறு தசைகள் சுருங்கி, நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரிதாகப் பயன்படாது.