ஆலயத்துக்குள் ஓட்டுப் பேச்சு எதுவரை? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் கடலூரில் வக்கீல் தொழில் செய்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்க ஆலயத்து மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் நெடுநாள் இருந்தவர்.)

கேள்வி: தேர்தல் சமயத்தில் ஃபாதர் மறையுரையில் ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கலாமா ஐயா? (நெல்லித்தோப்பு)

கூடாதம்மா. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலய வளாகத்தைக் கட்சி வேலைக்கு விடுவதற்கு 1988-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனால் ஏழையின் வயிற்றில் அடிக்காதே என்று பிரசங்கிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பைபிளில் ஆமோஸ் நூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அதுதானே!

கேள்வி: காசை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டால் தப்பா? (மஞ்சக்குப்பம்)

வாங்குவதே குற்றம், ஒரு வருடம் வரை சிறை. கையூட்டு கண் தெரிகிறவரையும் குருடாக்கும் என்கிறது பைபிளின் விடுதலைப் பயணம் நூல், 23-ஆம் அதிகாரம். கவரைப் பிரிக்காமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டதாக ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தக் காசு ஆண்டவருக்கு எதற்கு?

கேள்வி: வெள்ளம் வந்தால் சாப்பாடு கொடுக்கிறோம். அதற்கு மேல் சபையாக என்ன செய்வது? (கடலூர் முதுநகர்)

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் கரையில் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாங்களும் அண்டா வைத்துச் சாம்பார் சாதம் போட்டோம். நாலாம் நாள் பண்ருட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. மரம் திரும்பக் காய்க்கிற வரைக்கும் சோறு போடுவீங்களா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அப்புறம்தான் அன்பியத்து (பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் சிறு ஜெபக் குழு) பிள்ளைகள் நாலு பேர் பேனாவோடு உட்கார்ந்தார்கள். பட்டா நகல், மரக்கணக்கு, வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் நிவாரண மனு. சோறு போடும் திருப்தி இதில் கிடைக்காது, போட்டோவும் நன்றாக வராது. எழுதிக் கொடுத்ததில் பாதிக்கு மேல் நம் சபையார் இல்லை. "நம்ம ஜனங்களுக்கு முதல்ல செய்யுங்க" என்று பேரவையில் ஒருவர் முனகினார். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களிடமே, போய்ச் சேர்ந்த நகரின் நலனைத் தேடுங்கள் என்கிறார் இறைவாக்கினர் எரேமியா (29:7). பாபிலோனுக்கே அப்படியென்றால் பண்ருட்டிக்கு?

கேள்வி: கடலூர்க்காரர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. புதுச்சேரியில் நாங்கள் எங்கே போய்க் கேட்பது? (வில்லியனூர்)

உங்கள் வருத்தம் நியாயம். 38 வருடம் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்ததற்கு இன்னும் காத்திருக்கிறீர்கள். அதுவரை பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்டாலே பாதி வேலை நகரும்.

கேள்வி: கட்சியில் சேரலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

தாராளமாக. பேரவைப் பொறுப்பை விட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இன உரிமை கேட்டு மனு தயாரிக்கிறோம். என்ன எழுதலாம்? (முத்தியால்பேட்டை)

பட்டியல் சாதிகள் யார் யார் என்று சொன்ன 1950 குடியரசுத் தலைவர் உத்தரவு, அந்த உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். நம்மவர்கள் வெளியேதான். இதை எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் கல்லறைத் தோட்டத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். நடுவே சாதிச் சுவர் இருந்தால் முதல் மனு பங்குப் பேரவைக்கு.