சாதாரண தரம் முடித்த மகனைச் சோலார் படிக்க விடலாமா?

அம்மா, பூநகரியில் காற்றாலை போட வந்த அதானி நிறுவனமே 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது, இதை நம்பி மகனை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும் நாளைக்கே மூடப்படப் போவதில்லை. ஆனால் சம்பூரில் வரவிருந்த நிலக்கரி நிலையத்தை 2016இல் கைவிட்டார்கள், இப்போது அங்கே சூரிய மின்சாரம்தான் பேச்சு. 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் சூரியன், காற்று, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் என்ற அரசின் இலக்கு பிந்தினாலும், புதிதாக நிலக்கரிக்குப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் என் கவலை வேறு. பெரிய சூரிய மின்பூங்கா கட்டும் சில மாதங்களுக்குத்தான் நிறையக் கைகள் வேண்டும். கட்டி முடிந்தால் காவல், புல் வெட்டு, பலகை கழுவல், இரண்டு மூன்று ரெக்னீசியன்மார், அவ்வளவுதான். ஒரு மாதச் சோலார் கோர்ஸ் சான்றிதழோடு போகிறவனுக்குக் கட்டி முடிந்ததும் வேலை நின்றுவிடும். அதனால் முதலில் எலெக்ட்ரீசியன் தொழில், சோலார் அதற்குமேல்.

ஏன் என்று பாருங்கள். 550 வாற் பலகை ஒன்று வெயிலில் ஏறத்தாழ 50 வோல்ற் தரும். பத்தைத் தொடராக இணைத்தால் 500, அதுவும் ஒரே திசையில் ஓடும் டீசி மின்சாரம். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி எழுந்தாலும் அணைய வாய்ப்புண்டு. டீசியில் அது பிடித்தால் விடாது. கூரையில் எரிகிற இடம் பெரும்பாலும் பலகைக் கேபிள்களை ஒன்றோடொன்று கொழுவும் எம்சி4 கனெக்டர்தான். கேபிள் நுனியைச் சீவி, உலோக முனையில் வைத்து, அதற்கான கிரிம்பிங் கருவியால் நெரிக்க வேண்டும். குறட்டால் நசுக்கினால் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். உள்ளே தொடுகை குறைந்து சூடேறும், பிளாஸ்ரிக் இளகும், மாரி மழையில் தண்ணீர் இறங்கும். நெரித்த பிறகு இழுத்துப் பார்க்கும் பழக்கம் கைப்பழக்கமாக வேண்டும். ஒரு கம்பனியின் ஆண் கனெக்டரை இன்னொரு கம்பனியின் பெண் கனெக்டரோடு கொழுவுவதும் கூடாது.

அடுத்த தலையிடி ஊருக்குள். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளி, லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் மத்தியானம் கூரைச் சோலார் மின்சாரம் லைனுக்குள் ஏறுவதால் வோல்ற்றேஜ் 230இலிருந்து 250ஐத் தாண்ட, டீசியை ஏசியாக மாற்றும் இன்வேட்டர் தானாக நின்றுவிடும். வீட்டுக்காரர் பலகை பழுது என்பார். மீற்றர் வைத்து அளந்து காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். அப்படி மிஞ்சும் மின்சாரத்தைப் பற்றரியில் சேமிக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு இனிக் கேள்வி கூடும்.

தூரப் போகத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின் துறை இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையான என்விகியூவில் 4ஆம் மட்டம் எடுத்தால் 5, 6 என டிப்ளோமாவரை ஏறலாம். கணிதம் நல்லாய் வந்திருந்தால் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கட்டும், தொழில்நுட்ப பீடத்துக்கு வழி அது. ஏற்கெனவே வயரிங் வேலைக்குப் போகிற அண்ணன்மார் இருந்தால், அனுபவத்தை வைத்தே என்விகியூ மதிப்பீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் போடமுன் கண் வைத்தியரிடம் நிறக்குருடு பரிசோதனை ஒன்று. வயர் நிறம் பிரிக்க முடியாதவர் இந்த வேலைக்குப் போகக்கூடாது, அதைப் பாதிப் படிப்பில் அறிவதைவிட இப்போதே அறியலாம். உயரத்தில் தலை சுற்றுமா என்பதை மகனிடமே கேளுங்கள்.