'நான் வந்த பஸ்'ஸை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ரிலேட்டிவ் கிளாஸ்: கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், ரிலேட்டிவ் கிளாஸ் என்றால் என்ன? விளக்கத்தைப் படித்தாலே தலை சுற்றுகிறது.

பதில்: 'நேற்று வந்த பையன்' என்று சொல்கிறோம் அல்லவா? 'வந்த' என்ற பெயரெச்சம் எந்தப் பையன் என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வதுதான் ரிலேட்டிவ் கிளாஸ். நமக்குப் பெயருக்கு முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால்: 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்'. 'தட்' இரண்டுக்கும் வரும்.

கேள்வி: 'தி புக் விச் ஐ பாட் இட்' என்று எழுதினேன். 'இட்'டை மட்டும் அடித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: அந்த 'இட்'தான் முன்னால் போய் 'விச்' ஆகிவிட்டது. அது இருந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். 'நான் அதை வாங்கிய புத்தகம்' என்று தமிழிலும் சொல்வதில்லையே.

கேள்வி: அக்கா, 'நான் வந்த பஸ்' என்பதற்கு 'தி பஸ் விச் ஐ கேம்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பதில்: நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று பெயரெச்சம் ஆறையும் தழுவும் எனப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நான் வந்த பஸ், நான் வந்த ஊர், நான் வந்த நாள்: 'வந்த' மாறவே இல்லை. பஸ்ஸில் வந்தேன், ஊருக்கு வந்தேன், அன்று வந்தேன் என்பதைக் கேட்பவரே புரிந்துகொள்கிறார். 'இல்', 'கு' போன்ற உருபுகள் சத்தமில்லாமல் மறைந்துவிடுகின்றன. நம் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த அழகு இது.

ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் மறையாது. பஸ்ஸில் வந்தேன் என்றால் அந்த 'இல்'லுக்கு ஒரு 'ஆன்' வேண்டும்: 'தி பஸ் விச் ஐ கேம் ஆன்'. அலுவலகக் கடிதத்தில் 'தி பஸ் ஆன் விச் ஐ கேம்' என்றும் எழுதலாம். நான் எழுதிய பேனா? பேனாவால் எழுதினேன், ஆகவே 'தி பென் விச் ஐ ரோட் வித்'. காலத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் உண்டு, 'தி டே ஐ கேம்' என்றாலே போதும். 'வேர்' போட்டால் அதற்குள்ளேயே 'இல்' இருக்கிறது. 'தி ஹவுஸ் வேர் ஐ வாஸ் பார்ன்' என்று நிறுத்துங்கள், கடைசியில் இன்னொரு 'இன்' வேண்டாம். சந்தேகம் வந்தால் பெயரெச்சத்தை முழு வாக்கியமாக விரித்துப் பாருங்கள். உருபு தானாக வெளியே வரும்.

கேள்வி: 'ஹூ', 'விச்' இல்லாமலே பேசுகிறார்களே, எப்போது விடலாம்?

பதில்: அடுத்து வேறொரு எழுவாய் வந்தால் விடலாம்: 'தி புக் ஐ பாட்'. 'ஹூ'வே எழுவாயாக இருந்தால் விடக்கூடாது. தமிழில் 'வந்தார்' வேறு, 'வந்த' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுமே 'கேம்'. 'தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்றால், 'கேம்' வந்ததும் வாக்கியம் முடிந்தது என்றே கேட்பவர் நினைப்பார். பிறகு 'இஸ்' வந்து குழப்பும். 'இங்கே இருப்பது பெயரெச்சம்' என்று சொல்லும் ஒரே அடையாளம் அந்த 'ஹூ'.

கேள்வி: கமா போட்டால் பொருள் மாறுமா?

பதில்: மாறும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் மதுரையில் இருப்பவர். 'ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்பதற்கு இரு பக்கமும் கமா போட்டால், இருப்பது ஒரே சகோதரர், மதுரை கூடுதல் தகவல். 'மதுரையில் இருக்கும் என் அண்ணன்' இரண்டுக்கும் பொருந்துவதால் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது. கமா போட்ட இடத்தில் 'தட்' வராது.

கேள்வி: 'ஹூம்' இன்னும் தேவையா?

பதில்: 'டு', 'வித்' போன்ற சொல்லுக்கு அடுத்து வந்தால் கட்டாயம்: 'தி டாக்டர் டு ஹூம் ஐ ஸ்போக்'. பேச்சில் 'தி டாக்டர் ஐ ஸ்போக் டு' போதும்.