டாலர் முப்படங்களில் எனக்கு ஏன் இரண்டாவது படம்?

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி இயக்கிய மூன்று டாலர் படங்களில், அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்கைக் காட்டும் 'வெஸ்டர்ன்' படங்களில், எது உங்களுக்கு மிகவும் பிடித்தது, புதிதாகப் பார்ப்பவர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது 1965இல் வெளிவந்த இரண்டாவது படமான 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்'. பெரும்பாலோர் 1966இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யைத்தான் சொல்வார்கள் என்பது தெரியும். மூன்றிலும் பெரிய படம் அதுதான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கும் தயக்கம் இல்லை. ஆனால் அந்தப் படத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறேன் என்றால், இரண்டாவது படத்தை நினைத்தபோதெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். அதற்கு முதற்காரணம் அதில் வரும் ஒரு சட்டைப்பைக் கடிகாரம்.

அங்கே போவதற்கு முன் முதல் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1964இல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தின் கதை, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' படத்திலிருந்து அனுமதி பெறாமல் எடுக்கப்பட்டது. இரண்டு கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்ட ஓர் ஊருக்கு முன்பின் தெரியாத ஒருவன் வருகிறான், இருபக்கமும் கூலி வாங்கிக்கொண்டு இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறான் என்ற எலும்புக்கூடு முழுவதும் குரோசவாவுடையது. வழக்கு எழுந்து, கடைசியில் உலக வசூலில் 15 சதவீதத்தை ஜப்பானியத் தரப்புக்குக் கொடுக்க நேர்ந்தது. இதை மறைத்துவிட்டு லியோனியைப் புகழ்வது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. அதே சமயம், மூலத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு லியோனி கொண்டுவந்து சேர்த்தது எது என்பதும் தெரியும். முகங்கள் அவர் கொண்டுவந்தவை. திரையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும், வியர்வையும் புழுதியும் படிந்த, சவரம் செய்யாத முகங்கள்.

இந்த முகங்களுக்குப் பின்னால் ஒரு சிக்கனக் கணக்கும் இருந்தது. முப்படங்களும் டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுக்கப்பட்டவை. வழக்கமாக ஒரு சட்டகத்துக்குப் படச்சுருளின் நான்கு துளைகள் அளவு செலவாகும் என்றால், இதில் இரண்டு துளைகள் போதும். பாதிச் சுருளில் அகலத்திரைப் படம் எடுத்துவிடலாம். சாதாரண லென்ஸ்களையே பயன்படுத்த முடிந்ததால் மிக அருகில் இருக்கும் கண்ணும் தொலைவில் நிற்கும் மனிதனும் ஒரே காட்சியில் தெளிவாகத் தெரியும்படி எடுப்பது எளிதாயிற்று. கையில் காசில்லாத ஒரு தயாரிப்பின் நெருக்கடியிலிருந்து ஒரு பாணி பிறந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் முதல் படத்தின் நாயகனாக நடிக்க வாங்கிய ஊதியம் 15,000 டாலர். நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, குரல் பிறகு சேர்க்கப்பட்டது. வசனம் குறைந்து காலடியும் காற்றும் கதவின் கிறீச்சும் பெரிதாகக் கேட்பதற்கு இந்த வேலைமுறையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இவற்றையெல்லாம் மதித்தாலும் முதல் படத்தை ஓர் அழகான முன்னோட்டமாகவே என்னால் பார்க்க முடிகிறது. சவப்பெட்டி செய்யும் கிழவரும், மார்பில் இரும்புத் தகட்டை மறைத்துக்கொண்டு புகைக்குள்ளிருந்து நடந்துவரும் நாயகனும் மனத்தில் நிற்கிறார்கள், மற்றவர்கள் மறந்துபோகிறார்கள்.

இனி இரண்டாவது படம். நான் அதை முதன்முதலில் பார்த்தபோது முகப்பு இசை தொடங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் எனக்குக் கேட்டது மோர்சிங். அதுவரை கச்சேரி மேடையில், கடத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் தனி ஆவர்த்தனத்தின்போது மட்டுமே நான் கேட்டிருந்த அந்த உலோக நாக்கின் அதிர்வு, படம் எடுக்கப்பட்ட ஸ்பெயின் நாட்டுப் பாலை நிலத்தில் விசில் ஒலிக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. இத்தாலியின் தெற்கே சிசிலியில் அதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு என்பதும், படத்தின் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே அதைத்தான் எடுத்துக்கொண்டார் என்பதும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவை. லியோனியும் மோரிக்கோனேயும் ரோம் நகரில் ஒரே தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தப் பழைய தோழமை இந்தப் படத்தில்தான் முழுமையாகக் கனிந்தது என்பது என் எண்ணம்.

கதை எளிமையானது. எல் இந்தியோ என்ற கொள்ளைக்காரனின் தலைக்கு 10,000 டாலர் விலை வைக்கப்பட்டிருக்கிறது. குற்றவாளிகளைப் பிடித்துப் பரிசுப்பணம் வாங்கிப் பிழைக்கும் இருவர் அவனைத் தேடுகிறார்கள். ஒருவன் இளைஞன் மான்கோ, அதாவது ஈஸ்ட்வுட். மற்றவர் வயதில் மூத்த கர்னல் மார்ட்டிமர், அதாவது லீ வான் கிளீஃப். அதற்கு முன்பு அமெரிக்கப் படங்களில் வில்லனின் அடியாளாகச் சிறு வேடங்களில் வந்துகொண்டிருந்த வான் கிளீஃபுக்கு வாய்ப்புகள் வற்றிப்போயிருந்த காலம் அது. கழுகு மூக்கும் இடுங்கிய கண்களும் கொண்ட அந்த முகத்தில் வன்மத்தை மட்டும்தான் மற்ற இயக்குநர்கள் கண்டார்கள். லியோனி அதில் துக்கத்தைக் கண்டார்.

மார்ட்டிமர் அறிமுகமாகும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தேடப்படும் ஒருவன் விடுதியிலிருந்து தப்பித்துக் குதிரையில் பாய்கிறான். மார்ட்டிமர் ஓடவில்லை. தன் குதிரையிடம் நடந்து போய், சேணத்தில் கட்டியிருக்கும் தோல் சுருளை அவிழ்த்துவிடுகிறார். அது குதிரையின் பக்கவாட்டில் விரிந்து தொங்க, உள்ளே பலவகைத் துப்பாக்கிகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கின்றன. ஒரு தச்சர் உளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல் ஒன்றை எடுத்துக் குதிரையை வீழ்த்துகிறார். கீழே விழுந்தவன் எழுந்து சுட்டுக்கொண்டே முன்னேறுகிறான். அவனுடைய தோட்டாக்கள் மார்ட்டிமரின் காலுக்கு முன்னால் மண்ணில் பாய்கின்றன. அவரோ நின்ற இடத்தில் நின்றபடி, இன்னொரு கைத்துப்பாக்கிக்குக் கட்டையைப் பொருத்தி, நிதானமாகக் குறிபார்த்து ஒரே ஒருமுறை சுடுகிறார். எவ்வளவு தொலைவில் நின்றால் எந்தத் தோட்டா எட்டும் என்ற கணக்கைத் தெரிந்துவைத்திருக்கும் மனிதரின் அமைதி அது. இவருக்கு அவசரம் கிடையாது, இவர் ஏதோ ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடியவர் என்பது ஒரு வசனமும் இல்லாமல் நமக்குள் இறங்கிவிடுகிறது. பின்னால் மான்கோவும் அவரும் நள்ளிரவுத் தெருவில் ஒருவர் தொப்பியை மற்றவர் சுட்டு விளையாடும் காட்சியிலும் இந்த எட்டும் தூரம்தான் விஷயம்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். மூடியைத் திறந்தால் மெல்லிய மணியோசையில் ஒரு மெட்டு இசைக்கும் சட்டைப்பைக் கடிகாரம் இந்தியோவிடம் இருக்கிறது. யாரையாவது கொல்ல நினைத்தால் அதைத் திறந்து வைத்து, இசை நின்றதும் துப்பாக்கியை எடு என்கிறான். மற்ற படங்களில் பின்னணி இசை நமக்கு மட்டும் கேட்கும், கதைமாந்தர்களுக்குக் கேட்காது. இங்கே எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் அது கேட்கிறது, அதன் நீளம்தான் அவர்கள் உயிரின் நீளம். அந்தச் சின்ன மணியோசை தேய்ந்து தேய்ந்து போகும்போது கூடவே கிதாரும் டிரம்பெட்டும் ஏறி வந்து அதைத் தாங்கிக்கொள்ளும் இடத்தில், கடிகாரத்தின் இசை எங்கே முடிந்தது, மோரிக்கோனேயின் இசை எங்கே தொடங்கியது என்று என்னால் இத்தனை முறை பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

(முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசிச் சண்டை கதிரடிக்கும் வட்டக் களம் ஒன்றில் நடக்கிறது. மார்ட்டிமரின் துப்பாக்கி தரையில் கிடக்க, இந்தியோ கடிகாரத்தைத் திறக்கிறான். இசை மெலிந்து நிற்கப்போகிறது. கர்னல் எட்டுவதற்குள் செத்துவிடுவார் என்று நாம் முடிவு செய்த நொடியில் அதே மெட்டு மறுபடியும் புதிதாகத் தொடங்குகிறது. மான்கோ கையில் இன்னொரு கடிகாரம், முதலாவதன் இரட்டை. மார்ட்டிமர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார், அது அங்கே இல்லை. மான்கோ தன் துப்பாக்கி வாரை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டு, களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நடுவராகிவிடுகிறான். சண்டை முடிந்தபின், கடிகாரத்தின் மூடிக்குள் இருக்கும் பெண்ணின் படத்தைப் பார்த்து முகச்சாயல் ஒத்துப்போகிறதே என்று அவன் சொல்ல, அண்ணன் தங்கைக்குள் அது இயல்புதானே என்கிறார் மார்ட்டிமர். பரிசுப்பணத்தில் தன் பங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பணத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய ஒரு படத்தில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பணத்துக்காகவே துரத்துவதுபோல் தோன்றிய ஒருவர் ஒரு காசும் எடுக்காமல் குதிரையேறிப் போகும் அந்தக் காட்சியில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. பின்னால் மான்கோ பிணங்களை வண்டியில் ஏற்றி, ஒவ்வொருவரின் விலையையும் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. வங்கிக் கொள்ளைக்குப் பிறகு கதை சற்று நொண்டுகிறது. இருவரையும் பிடித்துவிட்ட இந்தியோ, தன் ஆட்களையே ஒழிக்கும் தந்திரமாக அவர்களை விடுவிக்கும் திருப்பம் நம்பும்படியாக இல்லை. அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்றுண்டு. எந்தப் பெண்ணின் துயரத்தைச் சுற்றிக் கதை முழுதும் சுழல்கிறதோ, அந்தப் பெண்ணுக்குப் படத்தில் பேச ஒரு சொல்லும் இல்லை. மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் பெண்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. அதை இந்தப் படங்களை நேசிக்கும் நான் சொல்லாமல் விடக்கூடாது.

மூன்றாவது படம் வேறோர் அளவில் எடுக்கப்பட்டது. முதல் படத்தின் செலவு ஏறத்தாழ 2 லட்சம் டாலர் என்றால், இதற்கு 12 லட்சம் டாலர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, கல்லறை ஒன்றில் புதைக்கப்பட்ட 2 லட்சம் டாலர் தங்கத்தை மூவர் தேடுகிறார்கள். முதல் 10 நிமிடங்களுக்கு யாரும் பேசுவதில்லை. ஈலை வாலக் நடித்த டூக்கோ, முப்படங்களிலும் மிக உயிருள்ள மனிதன் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. துறவியாகிவிட்ட தன் அண்ணனிடம் அவன் சண்டை போட்டுவிட்டு, வெளியே வந்து, அண்ணன் தன்னை எவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொண்டான் என்று நண்பனிடம் (ஈஸ்ட்வுட்) பொய் சொல்லும் இடம் ஒன்றே போதும். அந்தப் பொய் பொய்யென்று தெரிந்தும் நண்பன் சுருட்டை நீட்டுகிறான். படத்துக்காக ஸ்பெயின் ராணுவத்தினர் ஒரு பாலத்தைக் கட்டினார்கள். அது படப்பிடிப்புக்கு முன்பே தவறுதலாக வெடித்துவிட, மீண்டும் கட்டிக் கொடுத்தார்கள். புர்கோஸ் மாகாணத்தில் அவர்கள் அமைத்த சேட் ஹில் கல்லறைத் தோட்டம் பல ஆண்டுகள் மண்ணும் புல்லும் மூடிக் கிடந்தது. 2015 முதல் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு கூடி, மையத்தின் கல்வட்டத்தை மீண்டும் வெளியே கொண்டுவந்தார்கள். டூக்கோ தங்கத்தைத் தேடி அந்தக் கல்லறைகளுக்கிடையே ஓடும்போது பாடகி எட்டா தெல்'ஓர்சோவின் குரல் எழும்புவதை எந்த இசைக்கு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் இரண்டாவதன் பக்கம் சாய்வதற்கு அந்த இரண்டு வட்டங்களே காரணம். சேட் ஹில் வட்டத்தில் இறுதிச் சண்டைக்காக மூவர் நிற்கிறார்கள். இசையும் கண்களும் விரல்களும் அதற்குமுன் யாரும் காட்டாத அளவுக்கு உயர்ந்து நிற்கின்றன. ஆனால் டூக்கோவின் துப்பாக்கியில் தோட்டாவே இல்லை என்பது பிறகு தெரிகிறது. அங்கே தோற்றால் போவது தங்கம். கதிரடிக்கும் களத்தில் நிற்கும் கர்னலுக்கோ அதற்கப்புறம் வாழ்க்கையில் செய்ய வேறு வேலையே மீதமில்லை.

பார்க்கும் வரிசையைப் பொறுத்தவரை, வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். மூன்றாவது படத்தின் போர்க்காலம் மற்ற இரண்டுக்கும் முந்தையது என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். மூன்றாவது படத்தின் இறுதிப் பகுதியில், இடிந்த கட்டடம் ஒன்றில் செத்துக்கொண்டிருக்கும் ஓர் இளம் போர்வீரனை ஈஸ்ட்வுட் காண்கிறார். தன் மேலங்கியைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறார். தன் சுருட்டை அவன் உதட்டில் வைத்து இரண்டு இழுப்பு இழுக்க விடுகிறார். அவன் மூச்சு நின்றதும் பக்கத்தில் கிடக்கும் ஒரு போன்சோவை, தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை போன்ற மேலாடையை, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுகிறார். முதல் இரண்டு படங்களையும் முன்பே பார்த்திருந்தால், அந்தப் போன்சோவைப் பார்த்தவுடனே உங்களுக்கு அடையாளம் தெரியும்.