போதகர் ஆண்ட்ரூ யங் ஐ.நா. வரை போன வழி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் கூடவே நின்ற ஆண்ட்ரூ யங்கைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: சார், பல் டாக்டர் மகன் எப்படி போதகர் ஆனார்?

பதில்: 1932இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். மகனும் பல் டாக்டர் ஆகவேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தும் முடித்தார், ஆனால் மனசு ஊழியத்தின் பக்கம் போய்விட்டது. 1955இல் ஹார்ட்ஃபோர்டில் இறையியல் பட்டம் வாங்கிக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தில் தாமஸ்வில் என்ற சின்ன ஊருக்குப் போதகராகப் போனார். சபை வேலையோடு கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையையும் அங்கேயே தொடங்கிவிட்டார். காந்தியின் அகிம்சையில் ஈடுபாடு வந்ததும் அந்த வயதில்தான்.

கேள்வி: கிங்கோடு இருந்தபோது இவர் என்ன செய்தார்? பேச்சாளர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையே.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அப்போது தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் ஓட்டுரிமை கேட்டுப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதைத் தாண்ட வைக்கப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த குடியுரிமைப் பள்ளிகளை நடத்தத்தான், 1957இல் நியூயார்க்குக்கு வேலைக்குப் போயிருந்த யங் 1961இல் ஜார்ஜியாவுக்குத் திரும்பி வந்தார். செப்டிமா கிளார்க், டோரதி காட்டன் என்ற இரண்டு பெண்கள் அந்த வேலையின் உயிர்நாடி, அவர்கள் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

அப்புறம் 1963, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம். தெருவில் ஊர்வலம், சிறை, போலீஸ் நாய்கள், கூடவே கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம். அந்த நேரத்தில் வெள்ளைக்கார வணிகர்களோடு உட்கார்ந்து பேசியவர்களில் இவரும் ஒருவர். எதிராளியோடு பொறுமையாகப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் இவருடைய பலம், பின்னால் வந்த பதவி எல்லாவற்றிலும் இவர் நம்பியது அதைத்தான்.

கேள்வி: அடி வாங்கியிருக்கிறாரா?

பதில்: வாங்கியிருக்கிறார். 1964 ஜூனில், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஊர்வலத்தை நடத்திப் போனபோது கும்பல் அடித்துக் கீழே தள்ளியது. எழுந்து மறுபடி நடந்தார்.

கேள்வி: போதகருக்குத் தேர்தல் எதற்கு?

பதில்: 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங் சுடப்பட்டபோது யங் அதே விடுதியில் இருந்தார். ஓட்டுரிமைச் சட்டம் 1965இலேயே வந்துவிட்டது, சரி, அந்த ஓட்டைப் பதவியாக மாற்ற யாராவது நிற்க வேண்டாமா? 1970இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1972இல் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த அட்லாண்டா தொகுதியிலேயே ஜெயித்தார். ஜார்ஜியாவிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய் அப்போது நூறு வருஷம் ஆகியிருந்தது.

கேள்வி: ஐ.நா. பதவி ஏன் போனது?

பதில்: 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இவரை ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக்கினார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் இவர்தான். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி போய் பெரும்பான்மை ஆட்சி வரவேண்டும் என்று உழைத்தார். ஆனால் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு பேச்சு நடத்துவதில்லை என்று அமெரிக்கா இஸ்ரேலுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. 1979இல் அந்த இயக்கத்தின் ஐ.நா. பிரதிநிதியைக் குவைத் தூதர் வீட்டில் சந்தித்தார், விஷயம் வெளியே வந்தது, ஆகஸ்டில் ராஜினாமா. சந்தித்ததை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்பதைத் தன் அரசிடம் முதலிலேயே முழுசாகச் சொல்லவில்லை, அது தப்புதான்.

கேள்வி: ஐயா, நான் இறையியல் மாணவன். அரசியலுக்குப் போனால் ஊழியத்தை விட்டதாகத்தானே ஆகும்?

பதில்: அவர் அப்படி நினைக்கவில்லை, தம்பி. 1982 முதல் 1990 வரை அட்லாண்டா மேயர், அடுத்து ஆளுநர் தேர்தலுக்கான கட்சிப் போட்டியில் தோல்வி, 1996 ஒலிம்பிக்கை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு. அதற்கெல்லாம் பிறகு, 1957இல் நியூயார்க்கில் இளைஞர் பிரிவில் வேலை பார்த்த அதே தேசியத் திருச்சபைகள் மன்றத்துக்கு (அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு) 2000இல் தலைவராகத் திரும்பி வந்தார்.